ஒப்புமையின் எல்லை: தாய், லாவ் மக்களிடையே விருந்தினர் பேணவேண்டிய பண்பாட்டு நடைமுறைகள்

1. முன்னுரை

தமிழர்க்கும் சயாம் நாட்டிற்கும் இடையிலான தொடர்பு நெடுங்காலத்தது. தென் தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் விடப்பெற்ற ஒரு குளத்தைப் பற்றிப் பேசுகின்றது. பேங்காக் நகரில் 1784ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற தேவஸ்தான் என்னும் அந்தணர் கோயிலோடு தொடர்புடைய 'த்ரியம்பாவாய்', 'த்ரிபாவாய்' என்னும் விழாப் பெயர்கள், திருவெம்பாவை, திருப்பாவை ஆகியவற்றின் திரிபுகள் என்பதை அறிஞர் பலரும் ஏற்பர். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளார், இத்தொடர்பைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவராவார்.

இத்தகைய சான்றுகளை வகுப்பறையில் கற்பிக்கும் நாம், மாணவர்களை அந்நாடுகளுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும்பொழுது ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றோம். அங்குள்ளோர் கைகூப்பி வணங்குகின்றனர். வாயிலில் காலணியைக் கழற்றுகின்றனர். மூத்தோரைப் பெயர் சொல்லி அழைக்கத் தயங்குகின்றனர். சித்திரைப் பிறப்பன்று புத்தாண்டு கொண்டாடுகின்றனர். இவையெல்லாம் நம்முடையவை போலவே தோன்றுகின்றன. ஆகவே, நம் வீட்டுப் பழக்கமே அங்கும் போதுமானது என்னும் எண்ணம் இயல்பாக எழுகின்றது. ஐரோப்பியப் பயணி எல்லாம் தமக்குப் புதியவை என்னும் எச்சரிக்கையோடு செல்கின்றார். தமிழ்ப் பயணியோ எல்லாம் தமக்குத் தெரிந்தவை என்னும் துணிவோடு செல்கின்றார். நம்மவர் செய்யும் பிழைகளுட் பல இத்துணிவிலிருந்தே பிறக்கின்றன என்பது நம் கருத்தாகும். எந்தெந்த இடங்களில் ஒப்புமை நின்றுவிடுகின்றது, அதற்கப்பால் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்குக் கூறப்படுவன பெரும்பாலும் தேரவாத பௌத்தத்தைப் பின்பற்றும் தாய், லாவ் சமவெளி மக்களுக்கே பொருந்தும். தாய்லாந்தின் தென்கோடியிலுள்ள பத்தானி, யாலா, நராத்திவாட் மாநிலங்களில் மலாய் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். அங்கு மலாய் மரபே செல்லும். லாவோஸ் அரசு அதிகாரமுறையில் ஏற்றுக்கொண்ட இனக்குழுக்கள் 50 ஆகும். அவற்றுள் லாவ் இனத்தவர் ஒரு குழுவினரே. கெமு, மொங், ஆக்கா முதலிய மலைவாழ் மக்களின் நடைமுறைகள் தனித்து ஆராயத்தக்கவை.

2. 'கெக்' என்னும் சொல்

தாய் மொழியில் விருந்தினரைக் குறிக்கும் சொல் 'கெக்' என்பதாகும். இதன் உயிரொலி சற்று நீண்டொலிக்கும். இதே சொல் இந்தியர், மலாய்க்காரர், அராபியர் முதலியோரைப் பொதுவாகச் சுட்டவும் வழங்குகின்றது. பேங்காக் நகரின் சீலோம் சாலையில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலைத் தாய் மக்கள் 'வாட் கெக்' என்றே அழைப்பர். இச்சொல் சில சூழல்களில் இழிவாகவும் ஒலிக்கும் என்று அங்கு வாழும் இந்தியருட் சிலர் வருந்துவதுண்டு. எனினும் தெருவில் இச்சொல்லைக் கேட்கும் பயணி அதனை உடனே வசையாகக் கொள்ள வேண்டியதில்லை. விருந்தினர், அயலார் என்னும் இரு பொருளும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கும் நிலையை நம் பழந்தமிழிலும் காணலாம். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே தொல்காப்பியர் காலத்துப் பொருள். புதியவராக வருபவரே விருந்தினர். இந்நிலையை மனத்திற் கொண்டு செல்வோர்க்குப் பின்வருவன எளிதில் விளங்கும்.

3. கைகூப்பும் முறை

தாய் மக்கள் கைகூப்பி வணங்குவதை 'வை' என்றும், லாவ் மக்கள் அதனை 'நொப்' என்றும் கூறுவர். தமிழரின் வணக்கத்தில் கையின் உயரம் பெரும்பாலும் அவரவர் உள்ளத்து உணர்ச்சியைப் பொறுத்தது. தாய் மரபிலோ அது வணங்கப்படுவோரின் தகுதியைப் பொறுத்தது. புத்தர் திருவுருவையும் துறவியரையும் வணங்கும்பொழுது பெருவிரல்கள் புருவங்களின் நடுவில் அமையும். பெற்றோரையும் ஆசிரியரையும் வணங்கும்பொழுது அவை மூக்கின் நுனியைத் தொடும். பிற மூத்தோர்க்கு முகவாய் அளவிலும், ஒத்த நிலையினர்க்கு மார்பளவிலும் கைகள் நிற்கும். உயரம் கூடக்கூடத் தலையும் மேலும் தாழும். லாவ் மக்களிடையே இவ்வளவு நுட்பமான அளவீடு வலியுறுத்தப்படுவதில்லை. ஆயினும் மூத்தோர்க்கும் துறவியர்க்கும் கை உயர்தல் என்னும் அடிப்படை அங்கும் உண்டு.

இங்கு இரண்டு வேறுபாடுகள் கருதத்தக்கவை. முதலாவது, இளையவரே முதலில் வணங்க வேண்டும். தமிழர் விழாக்களில் வாயிலில் நிற்போர் குழந்தை முதல் முதியவர் வரை அனைவரையும் கைகூப்பி வரவேற்பர். அப்பழக்கத்தோடு தாய்ச் சிறுவனை ஒரு பெரியவர் முந்திக்கொண்டு வணங்கினால் அச்சிறுவன் நாணுவான். அவனுடைய பெற்றோர் என்ன செய்வதென்று தடுமாறுவர். சிறார் வணங்கினால் புன்னகையோடு தலையசைத்தல் போதும். கடைப் பணியாளரும் விடுதிப் பணியாளரும் வணங்கும்பொழுதும் அவ்வாறே செய்யலாம். இரண்டாவது, துறவியர் யாருடைய வணக்கத்திற்கும் எதிர்வணக்கம் செய்வதில்லை. கோயில் அருச்சகரின் முகமலர்ச்சியை எதிர்பார்த்துப் பழகிய நம்மவர் இதனைச் செருக்கு என்று கொள்ளக்கூடாது. வணக்கம் துறவி என்னும் தனிமனிதர்க்கன்றி அவர் அணிந்துள்ள காவிக்குரியது என்பதே இதன் கருத்து.

தாய் மொழியில் வணக்கம் கூறும் 'சவாத்தீ' என்னும் சொல் வடமொழியின் 'ஸ்வஸ்தி' என்பதிலிருந்து ஆக்கப்பெற்றது. சூலாலொங்கோன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரயா உபகித் சில்பசான் என்னும் மொழியறிஞர் உருவாக்கிய இச்சொல்லை 1943ஆம் ஆண்டு அரசு பொது வழக்கிற்குக் கொண்டுவந்தது. இதனோடு ஆடவர் 'க்ராப்' என்றும் பெண்டிர் 'கா' என்றும் சேர்த்துக் கூறுவர். சேர்க்கப்படும் சொல் பேசுவோரின் பாலைக் காட்டுவதேயன்றிக் கேட்போரின் பாலைக் காட்டுவதன்று. ஆண் மாணவர்கள் பெண் வழிகாட்டியிடமிருந்து சொற்களைக் கற்கும்பொழுது 'கா' என்றே பழகிவிடும் வாய்ப்புள்ளதால் இதனை முன்கூட்டியே விளக்குதல் நலம். லாவோஸில் 'சபாய்தீ' என்று கூறினாற் போதும்.

4. தலையும் பாதமும்

தாய், லாவ் நடைமுறைகளுட் பலவற்றிற்கு அடிப்படையாக அமைவது 'க்வான்' என்னும் நம்பிக்கையாகும். மனித உடலில் 32 க்வான்கள் உறைகின்றன. அவை உடலோடு ஒட்டியிருக்கும்வரை மனிதர் நலமாக இருப்பர். அச்சத்தாலோ நோயாலோ நெடும்பயணத்தாலோ அவை உடலை விட்டு விலகக்கூடும் என்பது இவர்களின் கருத்து. இதனை உயிர் என்றோ ஆன்மா என்றோ மொழிபெயர்த்தல் முற்றும் பொருந்தாது. உயிர்ப்பு, ஊக்கம், நலம் ஆகிய மூன்றும் கலந்த ஒன்று எனலாம். க்வானின் தலையாய உறைவிடம் தலையாகும். எனவே தலை உடலின் மிகத் தூய பகுதியாகவும், அதற்கு நேர்மாறாகப் பாதம் மிகத் தாழ்ந்த பகுதியாகவும் கருதப்படுகின்றன.

தமிழ்ப் பண்பாடு இவ்விரு முனைகளையும் வேறு வகையில் இணைக்கின்றது. மூத்தோர் இளையோரின் தலையில் கைவைத்து வாழ்த்துவர். இளையோர் மூத்தோரின் பாதம் தொட்டு வணங்குவர். இவ்விரண்டும் நம்மிடையே அன்பின் அடையாளங்கள். தாய், லாவ் மக்களிடையே அயலார் ஒருவர் குழந்தையின் தலையைத் தடவுதல், எவ்வளவு அன்போடு செய்யப்படினும், வரம்பு மீறிய செயலாகும். குடும்பத்து மூத்தோர் தம் குழந்தையின் தலையைத் தொடுவதுண்டு. விருந்தினர்க்கு அவ்வுரிமை இல்லை. அவ்வாறே, பெற்றோரின் பாதத்தில் விழுந்து வணங்கும் முறை சிறப்பான சடங்குகளில் உண்டெனினும், ஊரில் சந்தித்த முதியவர் ஒருவரின் பாதத்தை நம் மாணவர் தொட முற்பட்டால் அவர் பதறிப் பின்வாங்குவார். வணக்கத்திற்கு 'வை' போதும்.

பாதம் பற்றிய நடைமுறைகள் அமர்தலில் தெளிவாகப் புலப்படும். சம்மணமிட்டு அமர்தல் நம் பந்திப் பழக்கம். தாய், லாவ் கோயில்களில் துறவியர் முன்னும் மூத்தோர் முன்னும் இரு கால்களையும் ஒரு பக்கமாகப் பின்னோக்கி மடக்கி அமர்வதே மதிப்புடையது. இதனைப் 'பாப் பியப்' என்பர். நெடுநேரம் அமர முடியாதோர் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உள்ளங்கால் புத்தர் திருவுருவையோ துறவியரையோ நோக்கி நீளுதல் கூடாது. காலால் கதவைத் தள்ளுதல், காலால் பொருளைச் சுட்டுதல், அமர்ந்திருப்போரைத் தாண்டிச் செல்லுதல் ஆகியனவும் தவிர்க்கத்தக்கவை. அமர்ந்திருக்கும் மூத்தோரைக் கடக்க நேர்ந்தால் உடலைச் சற்றுக் குனிந்து செல்ல வேண்டும். தலையணையின்மீது அமர்தலும் தவறே, அது தலைக்குரியது.

லாவோஸ் செல்வோர் 'பாஸி' அல்லது 'சூ க்வான்' என்னும் சடங்கில் பங்குகொள்ளும் வாய்ப்பைப் பெறலாம். மணம், மகப்பேறு, பயணம், வரவேற்பு ஆகியவற்றை ஒட்டி விலகிச் சென்ற க்வானை உடலுக்கு மீண்டும் அழைக்கும் சடங்கு இது. வாழையிலையாலும் சாமந்திப் பூவாலும் கூம்பு வடிவில் அமைத்த 'பா க்வானை' நடுவில் வைத்துச் சுற்றிலும் அமர்வர். மூத்தவர் ஒருவர் மந்திரம் ஓதியபின் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் வெண்ணிறப் பருத்தி நூல் கட்டப்படும். ஒரு கையில் நூல் கட்டப்படும்பொழுது மறு கையை வணங்கும் பாங்கில் உயர்த்திப் பிடித்தல் முறை. தமிழர் இதனைக் காப்புக் கட்டுதலோடு ஒப்பிடுவர். ஆயின் நம் காப்பு ஒரு நோன்பை ஏற்றதற்கான அடையாளம். லாவ் நூல் க்வானை உடலோடு பிணைக்கும் கட்டு. ஆகவே அதனைக் குறைந்தது மூன்று நாள்களாவது அணிந்திருக்க வேண்டும். பின்னரும் கத்தரியால் வெட்டாது முடிச்சை அவிழ்த்தல் வேண்டும் என்பர். விடுதிக்குத் திரும்பியதும் நூலை அறுத்தெறிதல் வாழ்த்தையே அறுத்தெறிதல் போன்றதாகும்.

5. கோயிலும் துறவியும்

தமிழர்க்கும் தாய், லாவ் மக்களுக்கும் பொதுவான கோயில் நடைமுறைகள் சில உள. வாசற்படியை மிதியாது தாண்டிச் செல்லுதல், வலமாகச் சுற்றுதல் ஆகியன அவற்றுட் சில. விசாக பூசை முதலிய நாள்களில் மலரும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் ஏந்திக் கோயிலை மும்முறை வலம்வருவதைக் காணும் தமிழர் அதில் எளிதாக ஒன்றிவிடுவர். திருவுருவின்முன் மும்முறை நிலத்தில் வீழ்ந்து வணங்கும் முறையில் இரு முழங்கால், இரு முன்கை, நெற்றி ஆகிய ஐந்து உறுப்புகள் நிலத்திற் படிதல் வேண்டும். தமிழ்ப் பெண்டிர் செய்யும் ஐந்துறுப்பு வணக்கத்தை இது நினைவூட்டும். ஆனால் இங்கு ஆடவரும் அதனையே செய்வர். நெடுஞ்சாண்கிடையாக வீழும் எட்டுறுப்பு வணக்கம் இங்குப் பொருந்தாது. அவ்வாறு வீழ்ந்தால் பாதங்கள் பின்னால் அமர்ந்திருப்போரை நோக்கி நீளும்.

உடையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. நம் கோயில்கள் சிலவற்றில் ஆடவர் மேலாடையைக் களைதல் பணிவின் அடையாளம். தாய், லாவ் கோயில்களில் தோளும் முழங்காலும் மறைந்திருத்தலே பணிவு. இது இருபாலார்க்கும் பொது. காலணியை நாம் கோபுர வாயிலிலேயே விடுவோம். அங்கு முற்றத்தில் அணிந்து நடக்கலாம், திருவுருவம் உள்ள மண்டபத்தின் வாயிலில் கழற்ற வேண்டும். திருவுருவங்களுக்குத் தாமரை, ஊதுவத்தி, பொன்தகடு ஆகியன அங்குள்ளோர் வழக்கப்படி படைக்கலாம். குங்குமம் இடுதல், கற்பூரம் ஏற்றுதல் முதலிய நம் வழக்கங்களைப் புகுத்தலாகாது. பேங்காக்கில் 1956ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற எராவான் பிரம்மா சந்நிதி போன்ற இடங்களும் இதற்கு விலக்கல்ல. அங்குள்ளவர் நாம் அறிந்த தெய்வமேயெனினும் அவரை வழிபடும் முறை தாய் மக்களுடையது.

துறவியரைப் பெண்டிர் தொடுதல் கூடாது. துறவியரும் பெண்டிரிடமிருந்து பொருளை நேரடியாகக் கையில் பெறார். தாய்லாந்தில் துறவி தம்முன் ஒரு துணியை விரிப்பார்; பெண்டிர் அதன்மேல் பொருளை வைப்பர். இது பெண்ணைத் தாழ்த்துவதாகத் தோன்றலாம். மாணவியர் இதுபற்றி வினவுவதும் இயல்பே. துறவியின் நோன்பைக் காக்கும் விதியாகவே இது அங்கு விளக்கப்படுகின்றது. எனினும் வேறு சில தடைகளுக்கு இவ்விளக்கம் முற்றும் பொருந்தாது. சியாங்மாய் நகரின் வாட் செடி லுவாங் வளாகத்திலுள்ள நகரத்தூண் மண்டபத்தினுள் பெண்டிர்க்கு இன்றும் அனுமதியில்லை. அவ்விடத்தில் விவாதிப்பதைவிடப் பயணத்திற்கு முன் வகுப்பறையில் விவாதித்தலே பொருத்தமாகும். பேருந்தில் துறவியின் அருகில் இடம் காலியாக இருப்பினும் பெண்டிர் அமரார். துறவியர் நண்பகலுக்குப் பின் உண்பதில்லையாதலால் உணவு அளிக்க விரும்புவோர் காலையிலேயே அளிக்க வேண்டும். பெற்றுக்கொண்ட துறவி நன்றி கூறமாட்டார். கொடுத்தவரே புண்ணியம் பெற்றவர் என்பதால் நன்றிக்குரியவர் துறவியே என்பது அங்குள்ள கருத்தாகும்.

லுவாங் பிரபாங் நகரின் வைகறைப் பிச்சையேற்பு இவ்விடத்துத் தனித்துச் சுட்டத்தக்கது. 1995இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரில், நாள்தோறும் விடியலில் துறவியர் வரிசையாக வந்து பசையரிசிச் சோற்றை ஏற்பர். 2021 திசம்பரில் வியந்தியானிலிருந்து இந்நகருக்கு இரயில் போக்குவரத்துத் தொடங்கியபின் இங்குச் செல்லுதல் மேலும் எளிதாகிவிட்டது. வருவோர் துறவியரின் முகத்தருகே ஒளிப்பட விளக்கை மின்னச் செய்தலும், வரிசைக்குக் குறுக்கே ஓடுதலும் வழிபாட்டைக் காட்சிப்பொருளாக்கிவிடுகின்றன. பங்குகொள்ள விரும்புவோர் தோள் மறைய உடுத்து, காலணி கழற்றித் தாழ அமர்ந்து, பேசாமல் சோறிடலாம். பார்க்க மட்டும் வந்தோர் சாலையின் எதிர்ப்புறத்தில் அமைதியாக நிற்க வேண்டும். நம் கோயிற் கருவறையில் நாம் எதிர்பார்க்கும் அடக்கமே இங்கும் வேண்டப்படுகின்றது.

6. முறைப்பெயர்கள்

தமிழர் அயலாரையும் அண்ணன், அக்காள், மாமா, அத்தை என்று உறவாக்கி அழைப்பர். தாய் மக்களும் அவ்வாறே அழைப்பர். ஆனால் அவர்களின் உறவுச்சொற்கள் நம்முடையவற்றினின்றும் வேறான கட்டமைப்பு உடையவை. அண்ணனையும் அக்காளையும் 'பீ' என்னும் ஒரே சொல் குறிக்கும்; தம்பியையும் தங்கையையும் 'நோங்' என்னும் சொல் குறிக்கும். பால் வேறுபாட்டைவிட வயது வேறுபாடே முதன்மை பெறுவதை இதனால் அறியலாம். பெற்றோரின் மூத்த உடன்பிறந்தாருள் ஆடவர் 'லூங்', பெண்டிர் 'பா' ஆவர். இங்குத் தாய்வழி, தந்தைவழி வேறுபாடு இல்லை. பெற்றோரின் இளைய உடன்பிறந்தாரிடமோ தாய்வழியினர் 'நா', தந்தைவழியினர் 'ஆ' என வழி வேறுபாடு தோன்றிப் பால் வேறுபாடு மறைகின்றது. லாவ் மொழியில் அண்ணன் 'ஆய்', அக்காள் 'உவே' எனத் தனித்தனியே வழங்கப்படுவர். உறவுமுறைச் சொற்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இவ்வொப்பீடு பயன்படும்.

இக்கட்டமைப்பின் விளைவாகவே, அறிமுகமான சற்று நேரத்தில் அங்குள்ளோர் நம் வயதை வினவுவர். நம்மை எச்சொல்லால் அழைப்பது என்று அறியும் முயற்சி அது. அதற்கு மறைவின்றி விடையளித்தல் நலம். பெயரைப் பொறுத்தவரை, 1913ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் தாய் மக்களுக்குக் குடும்பப்பெயர் இருந்ததில்லை. இன்றும் இயற்பெயரோடு 'குன்' என்னும் மதிப்புச்சொல்லைச் சேர்த்தே அழைப்பர். பள்ளி ஆசிரியர் 'க்ரூ' என்றும் பல்கலைக்கழக ஆசிரியர் 'ஆஜான்' என்றும் அழைக்கப்படுவர். இவை முறையே குரு, ஆசாரியர் என்னும் சொற்களின் வழிவந்தவை.

7. உணவும் உள்ளமும்

தாய்லாந்தின் நடுப்பகுதியில் வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்கரண்டியும் கொண்டு உண்பர். முள்கரண்டி சோற்றைக் கரண்டிக்குள் தள்ள உதவுமேயன்றி வாய்க்குள் செல்லாது. லாவோஸிலும் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியாகிய இசானிலும் பசையரிசிச் சோற்றைக் கையால் உண்பர். கையால் உண்ணும் பழக்கமுடைய நமக்கு இது மகிழ்ச்சி தரும். ஆயினும் நாம் சோற்றோடு குழம்பைப் பிசைவது போல அவர்கள் பிசைவதில்லை. சிறிதளவு சோற்றை விரல்நுனிகளால் உருட்டி, பொதுக் கிண்ணத்திலுள்ள கறியிலோ துவையலிலோ தொட்டு உண்பர். கிண்ணம் அனைவர்க்கும் பொது என்பதால் விரல் நனையாது உருண்டையின் நுனி மட்டும் நனைய வேண்டும். உண்டு முடித்தபின் 'திப் காவ்' என்னும் மூங்கிற் சோற்றுக்கூடையின் மூடியை மூடிவைத்தல் வேண்டும். திறந்து வைத்தல் நன்மை தராது என்று லாவ் மக்கள் கருதுவர். மரக்கறி மட்டுமே உண்போர் அதனை முன்னரே தெரிவித்துவிட வேண்டும். மீன்சாறு கலவாத கறி அரிது. பரிமாறியபின் மறுத்தல் வீட்டாரை நாணச் செய்யும்.

நாணம் என்னும் இக்கருத்து 'க்ரெங் ஜை' என்னும் தாய்ச் சொல்லோடு தொடர்புடையது. 'க்ரெங்' என்பது அச்சம் கலந்த மதிப்பு. 'ஜை' என்பது உள்ளம். பிறர்க்குத் தம்மால் தொல்லை நேரக்கூடாது, பிறர் உள்ளம் கோணக்கூடாது என்னும் தயக்கத்தை இது குறிக்கும். இதனால் இயலாது என்று நேரே மறுக்க அவர்கள் தயங்குவர். புன்னகையோடு கூறப்படும் தெளிவற்ற விடை பல நேரங்களில் மறுப்பேயாகும். விருந்தினர் வற்புறுத்தி உபசரிக்கப்படுவதும் அவர் இருமுறை மறுத்து மூன்றாம் முறை ஏற்பதும் தமிழர் விருந்தோம்பலில் இயல்பு. அங்கு வற்புறுத்தல் பிறரை இக்கட்டில் நிறுத்தும் செயலாகிவிடும். பொது இடத்தில் குரலுயர்த்திப் பேசுதலும் பணியாளரைக் கடிந்துகொள்ளுதலும் பேசப்படுபவரைவிடப் பேசுபவரின் மதிப்பையே மிகுதியாகக் குறைக்கும்.

8. தாய் வேறு, லாவ் வேறு

தாயும் லாவும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சார்ந்தவை. லாவ் மொழி பேசுவோர் லாவோஸைவிட இசானில் மிகுதியாக வாழ்கின்றனர். இந்நெருக்கமே கவனம் வேண்டும் இடமாகும். தாய் மொழியில் 'கொப் ஜை' என்பது மூத்தவர் இளையவர்க்குக் கூறும் நன்றி. பிறர்க்கு 'கொப் குன்' என்றே கூற வேண்டும். லாவ் மொழியிலோ 'கொப் ஜை' என்பதே அனைவர்க்கும் உரிய நன்றிச்சொல். தாய் வழக்கை அளவுகோலாகக் கொண்டால் லாவ் மக்கள் பணிவற்றுப் பேசுவதாகத் தவறாகத் தோன்றும்.

வரலாறும் இங்குக் குறுக்கிடுகின்றது. பேங்காக்கின் வாட் பிரா கேவ் கோயிலில் இன்றுள்ள மரகத புத்தர் 1779ஆம் ஆண்டு வியந்தியானிலிருந்து சயாமியப் படையினரால் கொண்டுசெல்லப்பட்டவர். அவர் முன்பிருந்த ஹோ பிரா கேவ் கோயில் வியந்தியானில் இன்று அருங்காட்சியகமாக நிற்கின்றது. சயாமை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற வியந்தியான் மன்னர் அனுவோங்கின் சிலை 2010இல் மெக்கோங் கரையில் நிறுவப்பெற்றது. லாவ் காற்பந்து அணியை நகைச்சுவைப் பொருளாக்கிய தாய்த் திரைப்படம் ஒன்று, லாவோஸின் எதிர்ப்பால் 2006இல் திரையிடப்படாமல் நிறுத்தப்பட்டது. ஆகவே லாவோஸைத் தாய்லாந்தின் ஒரு பகுதி போலவோ, அதன் பின்தங்கிய வடிவம் போலவோ பேசுதல் ஆழ்ந்த வருத்தத்தை விளைக்கும். இலங்கைத் தமிழரையும் மலேசியத் தமிழரையும் தமிழகத்தின் கிளைகள் என்று மட்டும் கருதுவோரிடம் நாம் உணரும் வருத்தம் இத்தகையதே.

அரசமைப்பிலும் இரு நாடுகளும் வேறானவை. லாவோஸில் முடியாட்சி 1975இல் முடிவுற்றது. தாய்லாந்தில் அரச குடும்பத்தை இழிவுபடுத்துதல் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவின்கீழ் 3 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது. அயல்நாட்டவர்க்கும் இது பொருந்தும். கீழே விழுந்து உருளும் நாணயத்தைக் காலால் மிதித்து நிறுத்துதல்கூடத் தவறாகும். அதில் மன்னரின் உருவம் உள்ளது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் நாட்டுப்பண் ஒலிக்கும்பொழுது அசையாது நிற்றல் வேண்டும்.

9. ஆசிரியர் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றை விதிகளின் பட்டியலாக மாணவர்க்கு அளித்தால் அவை நினைவில் நில்லா. மூத்தவர் யார், தலையும் பாதமும் எங்கே உள்ளன, எதிரிலிருப்பவரின் உள்ளம் கோணுமா என்னும் மூன்று வினாக்களை எழுப்பப் பழக்கினால் பெரும்பாலான சூழல்களை அவர்கள் தாமே உய்த்துணர்வர். மலேசிய ஆசிரியர்கள் எல்லை கடக்கும் முன்னரே இதற்குப் பயிற்சி அளிக்கலாம். பினாங்கின் வாட் சாயாமங்கலாராமிலும், கிளந்தான் தும்பாட் வட்டாரத்துச் சயாமியர் கோயில்களிலும் இந்நடைமுறைகளுட் பலவற்றை நேரிற் கற்கலாம்.

தாய்ப் பள்ளிகளில் கல்வியாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமையன்று, 'வை க்ரூ' என்னும் ஆசிரியர் வணக்க விழா நடைபெறும். அறுகம்புல், கத்தரிப்பூ, வெட்சிப்பூ ஆகியவற்றை மாணவர் ஆசிரியர்க்குப் படைப்பர். தழைத்துப் பரவும் அறுகு விடாமுயற்சியையும், தலைகவிழும் கத்தரிப்பூ பணிவையும், ஊசிமுனை போன்ற வெட்சி மொட்டு அறிவுக்கூர்மையையும் குறிக்கும். வியாழன் குருவுக்குரிய கிழமை என்பது நாமும் அறிந்ததே. ஒப்புமையும் வேற்றுமையும் ஒருங்கே அமைந்த இவ்விழாவைப் பயணத்திற்கு முந்திய பாடமாகக் கொள்ளலாம்.

காஞ்சனபுரிக்குச் செல்வோர்க்குத் தனிப் பொறுப்பு ஒன்றுண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில்பாதை அமைக்கப்பட்டபொழுது மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கு மடிந்தனர். அவர்தம் நினைவாக அங்குள்ள வாட் தாவோன் வராராம் என்னும் கோயிலில் நடுகல் ஒன்று எழுப்பப்பெற்றுள்ளது. அக்கோயில் வியட்நாமியப் பௌத்த மரபினது. நம் முன்னோர்க்கு இடமளித்துள்ள அவ்வளாகத்தில் நாம் செய்யும் எச்சடங்கும் கோயிலாரின் இசைவைப் பெற்றதாகவும், அவர்தம் வழிபாட்டு நேரத்திற்கு இடையூறு செய்யாததாகவும் இருத்தல் வேண்டும். துயரம் நம்முடையது, இடம் அவர்களுடையது.

10. முடிவுரை

தாய், லாவ் மக்கள் அயலாரின் பிழைகளை எளிதிற் சுட்டிக்காட்டுவதில்லை. 'க்ரெங் ஜை' அதனைத் தடுக்கும். தாய் மொழியில் 'மை பென் ராய்' என்றும் லாவ் மொழியில் 'போ பென் ஞாங்' என்றும், பரவாயில்லை என்னும் பொருளில் கூறிப் புன்னகைப்பர். அப்புன்னகையை இசைவாகக் கொண்டுவிடுதல் விருந்தினர் செய்யக்கூடிய பிழைகளுட் பெரியது. தவறு நேர்ந்ததென்று உணர்ந்தால், நீண்ட விளக்கம் எதுவும் தேவையில்லை. கைகூப்பி, 'கொ தோத்' என்று மன்னிப்புக் கோரினாற் போதும். இச்சொல் இரு மொழிக்கும் பொது. ஐயம் எழும் இடங்களில் அருகிலுள்ள மூத்தவர் செய்வதைச் சற்று நின்று நோக்கி, அதன்பின் செய்தல் எவ்விடத்தும் பொருந்தும் வழியாகும்.